கடலூர்க் கரையில் பெயரின்றி மாண்டோர்

(குறிஞ்சிப்பாடியில் ஆற்றிய பொழிவு)



செங்கத்தையடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றுள்ளது. கருந்தேவக்கத்தி என்னும் மறவனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். அதனையும் கல்லிற் பொறித்தனர் முன்னோர். வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. நாயின் பெயரையும் மறவாத இந்நாட்டில், குறிஞ்சிப்பாடியினின்று ஒருபகல் நடைத்தொலைவிலுள்ள கடலூர்க் கரையில் 1783ஆம் ஆண்டு மாண்ட நாட்டுப்படையினர்க்குக் கல் எங்கே? பெயர் எங்கே?

1782 ஏப்பிரலில் பிரெஞ்சுக்காரர் ஐதரலியின் படைத்துணையோடு கடலூரைக் கைப்பற்றினர். அதனை மீட்க ஆங்கிலத் தளபதி சுடூவர்ட்டு 1783 சூன் 7இல் நகர்க்குத் தெற்கே பாசறை அமைத்தான். நகரைக் காத்தவன் புசி என்னும் பிரெஞ்சுத் தளபதி. முதலாளர் இருவரும் வெள்ளையர். ஆயினும் இரு படைகளிலும் பெருந்தொகையினர் இந்நாட்டவரே. ஆங்கிலேயரிடம் சென்னைப் படையினரும் வங்கத்தினின்று நடந்தே வந்தோரும் இருந்தனர். பிரெஞ்சுக்காரரிடம் அவர்கள் திரட்டிய நாட்டுப்படையும் மைசூர்ப் படையும் இருந்தன. தமிழன் தமிழனைச் சுட்டான். யார் கொடிக்காக என்று கேட்டானில்லை. கேட்கும் நிலையில் அவன் வைக்கப்படவுமில்லை.

சூன் 13இல் புறக்காவல் அரண்கள் தாக்கப்பட்டன. அன்று ஒருநாளில் ஆங்கிலேயர் பக்கத்தில் மட்டும் மாண்டோரும் புண்பட்டோருமாக ஆயிரவர்க்கு மேல் வீழ்ந்தனர்.

சூன் 20இல் கடற்போர். சுப்ரேன் என்னும் பிரெஞ்சுக் கடற்றலைவனிடம் 15 போர்க்கலங்கள். ஆங்கிலேயன் இயூசிடம் 18. பிரெஞ்சுக் கலங்களில் ஆள் போதவில்லை. ஆகவே கடலூர்க் கோட்டையிலிருந்த ஏறத்தாழ 1,200 பேர் கலங்களில் ஏற்றப்பட்டனர். அவருள் நாட்டுப்படையினரும் இருந்தனர். தரையிற் போர் பயின்றோர், ஆடும் கலத்தட்டில் பீரங்கிகட்கிடையே நிறுத்தப்பட்டனர். இருபுறத்தும் நூறு நூறு பேரளவில் மாண்டனர். கலம் ஒன்றும் மூழ்கவில்லை. குடிநீர்க் குறையாலும் நோயாலும் நலிந்த இயூசு சென்னைக்குத் திரும்பினான். வென்ற சுப்ரேன் 2,400 பேரைக் கரையில் இறக்கினான். இயற்கைத் துறைமுகம் இல்லாத இச் சோழமண்டலக் கரையில், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த படகுகளை அலைமேல் செலுத்தவல்லார் இங்குள்ள பரதவரே. பெருங்கலத் தலைவர்கள் பலர் கரையேற அவர்களையே நம்பினர். அக்கைத்திறத்தையும் பாடுவாரில்லை.

சூன் 25 விடியலில் பிரெஞ்சுப் படை வெளிப்போந்து தாக்கித் தோற்றது. அன்று சிறைப்பட்டோருள், பின்னாளில் சுவீடன் மன்னனான பெர்னதோத்தும் ஒருவன் என எழுதினர் சிலர், மறுத்தனர் பிறர். அந்த ஒருவன் இங்கு வந்தானா என்பதற்கு எத்துணை ஆய்வு! அவனைச் சிறைப்பிடித்தோரின் படைப்பிரிவு எண்ணை வரலாற்று நூல்கள் கூறும், ஆட்பெயர் கூறா. சுப்ரேன் பெயரால் பாரிசில் பெருந்தெரு உண்டு. பிரெஞ்சுக் கடற்படையின் அணுவாற்றல் நீர்மூழ்கி ஒன்றும் உண்டு. செத்த நாட்டுப்படையினர்க்கு எஞ்சிய ஒரே பெயர் ‘சிப்பாய்’ என்பது. அதுவும் பாரசீகச் சொல்! நெய்வேலியில் எத்துணை ஆழத்தை அகழ்ந்து பழுப்பு நிலக்கரி எடுக்கின்றனர்! இப்பெயர்களை அகழ்வார் மட்டும் இலர்.

இனி, நெஞ்சைப் பிளக்கும் செய்தி ஒன்று. சூன் 29இல் வெள்ளைக்கொடி தாங்கிய ஆங்கிலக் கலம் ஒன்று கடலூர் வந்தது. ஐரோப்பாவில் இரு நாடுகளும் அமைதிக்கு உடன்பட்டுவிட்டன என்பது அது கொணர்ந்த செய்தி. வெர்சேல்சில் கையொப்பமிட்ட நாள் 1783 சனவரி 20! கடலூரில் முதல் குண்டு வெடிக்குமுன்னரே நான்கு திங்களுக்கு மேல் கடந்திருந்தன. செய்தி பாய்க்கலத்தில் வந்து சேருமுன் இத்தனை உயிர்களும் போயின. கடலூரும் பின்னர் உடன்படிக்கைப்படி ஆங்கிலேயரிடமே சென்றது. எந்த நகருக்காகச் செத்தனரோ அது மையெழுத்தால் கைமாறியது.

தேவனாம்பட்டினக் கரையில் ஒரு கல்லுக்கு இடம் உண்டு. பெயர்கள் கிடைக்கும்வரை நாள்களையேனும் அதிற் பொறிக்கலாம்: சூன் 13, சூன் 20, சூன் 25. அவற்றின் தலைமேல் சனவரி 20 என்பதையும் பொறிக்க வேண்டும்.