பிரேக் ஆயில் எண்ணெய் அல்ல

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ரயில் பிரேக்குக்குக் காற்று, கார் பிரேக்குக்குத் திரவம். ஆகவே அந்த அனுபவம் இங்கே அதிகம் உதவாது. உதவியது கொல்லிமலைதான்.

மாப்பிள்ளை வைத்திருப்பது வேகமான டர்போ கார். அறப்பளீஸ்வரரைச் சேவித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்டோமேட்டிக் கியரை ‘டி’யிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டும் நம்பி வந்தார். பாதி மலையில் பெடல் மெத்தென்று ஆகி, அடுத்த வளைவில் தரை வரை போய்விட்டது. பின் சீட்டில் பேத்தி. பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து மலைப் பக்கம் ஒதுக்கினார். ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வது, அதனால் பிழைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது!

காரணம், திரவம் கொதித்துவிட்டது. டிஸ்க்கின் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும் அதன் பின்னால் உள்ள திரவத்துக்கும் போகிறது. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் கால் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. கொதித்து ஆவிக் குமிழி வந்தால் நாம் அமுக்குவது குமிழியைத்தான். (பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் சூடேறியது பேட். அது வேறு கதை.)

நாம் பிரேக் ஆயில் என்கிறோம். அது எண்ணெயே அல்ல. கிளைக்கால் ஈதர் என்ற ரசாயனம், ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. மூடியே திறக்காவிட்டாலும் ரப்பர் குழாய் வழியாக மெல்ல ஈரம் சேரும். ‘டாட் 4’ புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த அளவு 155 டிகிரி. ‘டாட் 3’க்கு 205, 140. ‘டாட் 5.1’க்கு 260, 180. மாப்பிள்ளை காரில் நாலு வருஷமாக மாற்றவே இல்லை. அரை லிட்டர், ஒரு லிட்டர் சமாசாரம். டயருக்குச் செலவழிப்பதில் ஒரு துளி.

எதை வாங்குவது? மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 4 கேட்டால் டாட் 4. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் கையேடு அனுமதித்தால் 5.1 போடலாம். வெறும் ‘டாட் 5’ வேண்டாம். அது சிலிக்கான், மற்றதோடு சேராது, ஏ.பி.எஸ். வண்டிக்கும் ஆகாது. பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டும் பையன்கள் 300 டிகிரி தாண்டும் ரேஸ் திரவம் போடுவார்கள். அவர்கள் அடிக்கடி மாற்றுகிறவர்கள். சித்திரை வீதியில் ஓட்டும் நமக்கு அது வீண்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும். சீல் பிரிக்காத புது டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். போன வருஷம் பாதி மிச்சம் வைத்த டப்பா வேண்டவே வேண்டாம். மேலே தொட்டியில் மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றினால் மாற்றியதாகாது. நாலு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து பழையது போய்ப் புதிது வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். நடுவில் தொட்டி காலியாகிவிட்டால் காற்று புகுந்து மறுபடி முதலிலிருந்து. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டையே அரித்துவிடும்.

தொட்டியில் அளவு குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசியும். அவசரத்துக்கு என்று இன்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். பழைய திரவத்தைச் சாக்கடையில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் ஆறு உள்ள ஊர் நம்முடையது.

ஈரம் பார்க்கும் டெஸ்டர், பேனா மாதிரி ஒன்று, கொண்டுவந்திருக்கிறேன். தோராயமாகத்தான் காட்டும். காபி ஆனதும் பானெட்டைத் திறந்து வையுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.