நான்கு மட்டைகளும் ஒரு தரவரிசையும்

நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் யாரெனத் தரவரிசைப் பட்டியல் கூறும். ஆயின், எதனைச் சிறப்பென அது கொள்கிறது? 1980களில் பின்லாந்திலும் சுவீடனிலும் தோன்றி வளர்ந்த ராக்கெட்லன் இதற்குத் தனி விடை தருகிறது.

மேசைப்பந்து, பூப்பந்து, ஸ்குவாஷ், டென்னிஸ் ஆகிய நான்கையும், சிறிய மட்டையில் தொடங்கிப் பெரியதில் முடியுமாறு, இருவர் எதிரெதிரே ஆடுவர். ஒவ்வோர் ஆட்டமும் 21 புள்ளிகளுக்கு உரியது. வென்ற ஆட்டங்கள் எத்தனை என்று பார்ப்பதில்லை; புள்ளிகளின் கூட்டுத்தொகையே வெற்றியைத் தீர்மானிக்கும். முதலிரண்டையும் 21–19 என வென்ற ஒருவர், ஸ்குவாஷில் 5–21 எனத் தோற்றால், 12 புள்ளிகள் பின்தங்கியே டென்னிஸ் ஆடச் செல்வார்.

ஆகவே இவ்விளையாட்டின் தேசிய வரிசையில் முன்னிற்க, ஒரு மட்டையில் வல்லமை மட்டும் போதாது. தம் குறையறிந்து திருத்தும் மனமும் வேண்டும். பயிலும் இளைஞர் தமக்குக் கைவராத மட்டையையே முதலிற் கையிலெடுப்பாராக.