எபிசோட் 41: கவாய் தீவின் 698 குழந்தைகள்

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும். உங்ககிட்ட இல்ல, என் சித்தி பையன்கிட்ட. அவன்கிட்ட கேட்டு, அவன் சரின்னு சொன்ன பிறகுதான் இதைப் பேசுறேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் கூடத்துல உட்கார்ந்திருக்காங்க. பேச்சு வழக்கம்போல அவன் பக்கம் திரும்புச்சு. அவனுக்கு வயசு 20. இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஏழு அரியர். நடுவுல ஒரு செமஸ்டர் காலேஜ் பக்கமே போகலை. ராத்திரி யாரோட சுத்துறான்னு யாருக்கும் தெரியாது. ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்க் கூட்டிட்டு வந்தாச்சு. சித்தப்பாவுக்குக் குடிப்பழக்கம். அந்த வீட்டுல அவன் சின்ன வயசுல பார்த்ததை எல்லாம் நாங்க யாரும் பார்த்ததில்லை.

பெரியப்பா சொன்னார், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? விடுங்க." எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். அதோட நிக்காம, நாலு புத்தகம் படிச்ச திமிர்ல, "சைக்காலஜியும் அதைத்தான் சொல்லுது பெரியப்பா, முதல் அஞ்சு வருஷத்துலயே எல்லாம் செட் ஆயிடும்"னு வேற சொன்னேன். அவன் அப்போ வாசல்ல செருப்பு மாட்டிட்டு இருந்தான். அவன் காதுல விழுந்துச்சு. திரும்பிப் பார்க்காம போயிட்டான்.

சென்னைக்கு வந்த பிறகும் அந்த முதுகு கண்ணு முன்னாடியே நின்னுச்சு. சரி, நான் அவ்வளவு தைரியமா சொன்னேனே, அது உண்மைதானான்னு தேட ஆரம்பிச்சேன். அதுதான் இந்த எபிசோட்.

நம்ம ஊர்ல இதுக்கு ஒண்ணுக்கு ரெண்டு பழமொழி இருக்கு. ஒண்ணு பெரியப்பா சொன்னது. இன்னொண்ணு, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ரெண்டும் சொல்றது ஒரே ஹைபாதெஸிஸ்: மனுஷன் சீக்கிரமே உறைஞ்சு போறான், அப்புறம் மாற்றம் கிடையாது. கேட்கும்போது சரின்னுதான் தோணும். ஏன் தோணுதுன்னு எனக்கு என் வேலையில இருந்து ஒரு விளக்கம் கிடைச்சது.

ப்ரொடக்‌ஷன்ல ஒரு சர்வர் விழுந்துட்டா, நாங்க பின்னாடி போய் லாக் பார்ப்போம். விழுந்த சர்வரோட லாகுல ஏதாவது ஒரு வார்னிங் கண்டிப்பா இருக்கும். "பாரு, அன்னைக்கே சொல்லுச்சு"ன்னு எல்லாரும் சொல்லுவோம். ஆனா விழாத சர்வரோட லாகை யாரும் திறக்கிறதே இல்ல. திறந்தா அதுலயும் அதே வார்னிங் இருக்கலாம். மனுஷங்க விஷயத்துலயும் இதேதான். ஜெயில்ல இருக்கிறவரோட குழந்தைப் பருவத்தை விசாரிச்சா கஷ்டம் தெரியும், அதனால கஷ்டமான குழந்தைப் பருவம்னா ஜெயில்னு முடிவு கட்டிடுவோம். அதே மாதிரி வீட்டுல வளர்ந்து, சத்தமில்லாம ஒரு ஆபீஸ்ல வேலை பார்த்து, சாயங்காலம் பிள்ளையை ட்யூஷன்ல விடுற மனுஷனைத் தேடி யாரும் போறதில்லை.

அப்போ சரியா சோதிக்கணும்னா ஒரே வழிதான். குழந்தைகள் பிறக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு, ஒருத்தரையும் தேர்ந்தெடுக்காம எல்லாரையும் சேர்த்து, பத்து இருபது வருஷம் இல்ல, நாற்பது வருஷம் முன்னோக்கிப் பார்த்துக்கிட்டே போகணும். பைத்தியக்காரத்தனமான ப்ராஜெக்ட்தான். ஆனா செஞ்சிருக்காங்க.

ஹவாய் தீவுக்கூட்டத்துல கவாய்னு ஒரு சின்னத் தீவு. 1955ல அங்க பிறந்த 698 குழந்தைகளை ஒரு ஆய்வுக்குழு பின்தொடர ஆரம்பிச்சது. அப்போ ஹவாய் அமெரிக்காவோட மாநிலமாகக் கூட ஆகலை, அது 1959லதான். கரும்பு, அன்னாசித் தோட்டங்கள். அந்தத் தோட்டங்கள்ல கூலி வேலைக்கு ஜப்பான்ல இருந்தும் பிலிப்பைன்ஸ்ல இருந்தும் போர்ச்சுகல்ல இருந்தும் வந்தவங்களோட வாரிசுகள், கூடவே அந்த மண்ணோட ஹவாய் மக்கள். இந்த ஆய்வோட முகமா இருந்தவர் எம்மி வெர்னர். ஜெர்மனியில பிறந்து, இரண்டாம் உலகப் போரைச் சின்னப் பெண்ணா பார்த்து, அப்புறம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல பேராசிரியர் ஆனவர். கூட வேலை செஞ்சவர் ரூத் ஸ்மித். தாய்மார்கள் கர்ப்பமா இருக்கும்போதே செவிலியர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினாங்க. அப்புறம் குழந்தைகளை 1, 2, 10, 18, 32, 40 வயசுகள்ல திரும்பத் திரும்பத் தேடிப் போய்ப் பார்த்தாங்க. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எதுவும் இல்லாத காலம்.

இந்தக் குழந்தைகள்ல ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு ஹை ரிஸ்க். வறுமை, பிரசவத்துல சிக்கல், தாய்க்குப் படிப்பு கம்மி, வீட்டுல ஓயாத சண்டை, பெத்தவங்கள்ல ஒருத்தருக்குக் குடி அல்லது மனநோய். இதுல ஒண்ணு ரெண்டு இல்ல, ரெண்டு வயசுக்குள்ளயே நாலு அல்லது அதுக்கும் மேல இருந்தவங்க. அவங்கள்ல மூணில் ரெண்டு பங்கு பேருக்கு, பழமொழி சொன்ன மாதிரியே நடந்தது. பத்து வயசுல படிப்புலயோ நடத்தையிலயோ பிரச்சினை, 18க்குள்ள போலீஸ் ரெக்கார்டு, மனநலச் சிக்கல், பெண்கள்ல சிலர் டீன் ஏஜிலேயே கர்ப்பம்.

மீதி மூணில் ஒரு பங்கு, 72 பேர், அப்படி ஆகலை. பள்ளிக்கூடத்துலயும் வீட்டுலயும் சமாளிச்சு, நிதானமான, மத்தவங்க மேல அக்கறை உள்ள ஆட்களா வளர்ந்தாங்க. 40 வயசுல போய்ப் பார்த்தப்போ அவங்கள்ல ஒருத்தர்கூட வேலையில்லாம இல்ல, ஒருத்தர்கூட சட்டத்துல மாட்டலை.

இந்த 72 பேர் கதைதான் இன்டர்நெட் முழுக்கச் சுத்துது. வெர்னரும் ஸ்மித்தும் 1982ல எழுதின புத்தகத்தோட பேரே 'வல்னரபிள் பட் இன்வின்சிபிள்'. அந்த இன்வின்சிபிள்ங்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கலை. ஏதோ அந்தப் பிள்ளைங்க சூப்பர் ஹீரோவா பிறந்த மாதிரி ஒரு சத்தம் அதுல இருக்கு. ஆனா உள்ள இருக்கிற தகவலைப் படிச்சா, கதை வேற. ஆமா, சிலர் கைக்குழந்தையிலேயே சிரிச்ச முகம், தூக்கினா அழாத குழந்தைன்னு அம்மாக்களே சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல, அநேகமா எல்லாருக்கும் ஒரு ஆள் இருந்தாங்க. அப்பா அம்மாவா இருக்கணும்னு கட்டாயமில்லை. ஒரு பாட்டி, ஒரு அத்தை, மூத்த அக்கா, பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர். தன்னை விட்டுக்கொடுக்காத ஒரு நிதானமான பெரியவர்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் புதுசா இருந்தது. இவங்கள்ல பலர் சின்ன வயசுலேயே வீட்டுக்குத் தேவைப்பட்டவங்க. தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கிறது, சமைக்கிறது, உடம்பு முடியாதவங்களைக் கவனிச்சுக்கிறது. வெர்னர் இதை 'ரிக்வயர்டு ஹெல்ப்ஃபுல்னெஸ்'னு சொல்றார். நீ இல்லைன்னா இங்க ஒரு வேலை நின்னு போகும்ங்கிற நிலைமை.

அந்த 72 பேரும் சும்மா தப்பிக்கலை, அதையும் சொல்லணும். பலர் பெத்தவங்ககிட்ட இருந்தும் கூடப் பிறந்தவங்ககிட்ட இருந்தும் மனசளவுல விலகித்தான் தங்களைக் காப்பாத்திக்கிட்டாங்க. அந்த விலகல் அவங்களுக்குச் சுலபமா இருக்கலை.

சரி, நான் ராத்திரி ரெண்டு மணிக்கு லேப்டாப்பை மூடாம உட்கார்ந்திருந்தது இந்த 72 பேருக்காக இல்ல. மீதி மூணில் ரெண்டு பங்கு, அந்த 'தேறாத' கூட்டத்துக்காக.

ஆய்வை 18 வயசோட நிறுத்தியிருந்தா, பெரியப்பா சொன்னதுதான் சரின்னு ரிப்போர்ட் போயிருக்கும். ஆனா நிறுத்தலை. 32லயும் 40லயும் போய்ப் பார்த்தப்போ, டீன் ஏஜ்ல பிரச்சினையில இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க மீண்டிருந்தாங்க. ஆண்களை விடப் பெண்கள் இன்னும் அதிகமா. போலீஸ் ரெக்கார்டு இருந்த பசங்கள்ல பெரும்பாலானவங்க பெரியவங்களான பிறகு குற்றத்தைத் தொழிலா எடுத்துக்கலை.

எப்படி? இங்கதான் ஆச்சரியம். பெரிய மேஜிக் எதுவும் இல்ல. கம்யூனிட்டி காலேஜ்ல வயசு போன பிறகு திரும்பச் சேர்ந்து படிச்சவங்க. ராணுவத்துல சேர்ந்து அங்க ஒரு தொழில் கத்துக்கிட்டவங்க. நிதானமான ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. ஒரு மதச் சமூகத்துல இடம் கிடைச்சவங்க. உயிர் போற மாதிரி ஒரு விபத்தோ நோயோ வந்து பிழைச்சு, உட்கார்ந்து யோசிச்சவங்க. சைக்கோதெரபியும் சிலருக்கு உதவியிருக்கு, ஆனா குறைவான பேருக்குத்தான். மீண்டவங்க பலருக்கும் இருபதுகள்லயும் முப்பதுகள்லயும் இன்னொரு கதவு திறந்துச்சு. இதையெல்லாம் கணக்குல எடுத்துக்காத ஒரு மாடல்தான் நான் தீபாவளி அன்னைக்குக் கூடத்துல உட்கார்ந்து சொன்ன மாடல். எல்லாரும் மீளலைங்கிறதும் உண்மை. சிலர் 40லயும் அதே சிக்கல்ல இருந்தாங்க.

'அப்போ முதல் அஞ்சு வருஷம் முக்கியமே இல்லையா'ன்னு யாராவது மெயில் போடுவீங்க, தெரியும். முக்கியம்தான். அதுக்கு ருமேனியாவைப் பார்க்கணும். சௌஷெஸ்கு 1966ல கருக்கலைப்பைத் தடை செஞ்சார். 1989ல அவர் ஆட்சி விழுந்தப்போ ஒரு லட்சத்துக்கும் மேல குழந்தைகள் அரசு விடுதிகள்ல இருந்தாங்க. சாப்பாடு உண்டு, தூக்கிக் கொஞ்ச ஆள் கிடையாது. பிற்பாடு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா மூணு பேரும் புக்கரெஸ்ட்ல 136 குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினாங்க. குடும்பத்துக்குப் போனவங்க முன்னேறினாங்க. ஏறக்குறைய ரெண்டு வயசுக்குள்ள போனவங்க, ஒருத்தர்கிட்ட ஒட்டிப் பழகுறது மாதிரியான விஷயங்கள்ல, இன்னும் நல்லா முன்னேறினாங்க. அதனால சில கதவுகள் சீக்கிரம் மூட ஆரம்பிக்குதுங்கிறது நிஜம். எல்லாக் கதவும் ஒரே நேரத்துல மூடுறதில்லைங்கிறதும் நிஜம்.

பால் பால்டஸ்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் வாழ்க்கை முழுக்க இதைத்தான் சொல்லிட்டிருந்தார்: வளர்ச்சிங்கிறது 18ல முடியுற விஷயமில்லை, எந்த வயசுலயும் ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. அவர் சொல்ற உதாரணம் பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன். 80 வயசுல எப்படி இப்படி வாசிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, குறைவான பாடல்களை எடுத்துக்கிறேன், அதை அதிகமா பயிற்சி பண்றேன், வேகமா வாசிக்க வேண்டிய இடத்துக்கு முன்னாடி வேணும்னே கொஞ்சம் மெதுவா வாசிப்பேன், அப்போ வேகம் வேகமாவே கேட்கும்னாராம். எண்பதுல வளைஞ்சிருக்காரு மனுஷன்.

சரி, நம்ம பையன் கதைக்கு வர்றேன்.

இதையெல்லாம் படிச்சு முடிச்சிட்டு, ஒரு பேப்பர்ல அவனைப் பத்தி எழுதிப் பார்த்தேன். ரிஸ்க் பக்கம் நிறைய எழுதினேன், கை வலிக்கிற அளவுக்கு. இன்னொரு பக்கம் என்ன எழுதுறதுன்னு யோசிச்சப்போதான் பாட்டி ஞாபகம் வந்தாங்க. பாட்டிக்குச் சர்க்கரை, கண்ணுல பிரச்சினை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது யாரு? காலையில எந்த மாத்திரை, ராத்திரி எந்த மாத்திரைன்னு தெரிஞ்சது யாருக்கு? அஞ்சு வருஷமா அவன்தான். தீபாவளி அன்னைக்கு அவன் செருப்பு மாட்டிட்டுக் கிளம்பினதுகூட பாட்டிக்கு மருந்து வாங்கத்தான்னு அம்மா அப்புறம் சொன்னாங்க. எங்க குடும்பத்துல யாருமே இதை ஒரு விஷயமா எண்ணினதில்லை. நானும்தான்.

போன் பண்ணேன். மூணு நாள் எடுக்கலை. நாலாவது நாள் எடுத்தான். நான் கவாய் தீவு, 698 குழந்தைகள்னு ஆரம்பிச்சு மூச்சு விடாம சொல்லி, அன்னைக்கு நான் பேசினது தப்புடான்னு முடிச்சேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இதைக் கண்டுபிடிக்க உனக்கு மூணு மாசம் ஆச்சாண்ணா?"ன்னு கேட்டான்.

பாட்காஸ்ட்ல சொல்லலாமாடான்னு கேட்டேன். பேர் வேண்டாம், மத்தபடி சொல்லிக்கோன்னான். "ஆனா தேறிட்டான்னு மட்டும் சொல்லிடாத. அரியர் இன்னும் அஞ்சு இருக்கு. பாட்டிக்குச் சொட்டு மருந்து போடணும், வைக்கிறேன்"னு கட் பண்ணிட்டான்.