சுகமாயிருப்பவனுக்குச் சோதனை எதற்கு?

(பாலாவியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உண்ட சோறு செரிக்கிறது. படுத்தால் உறக்கம் வருகிறது. அப்படிப்பட்டவன் எதற்காக வைத்தியரிடம் போகவேண்டும்? உப்பளத்தில் உழைப்பவரும் கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டக்காரரும் எம்மிடம் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஒரு நாள் கூலி போகிறதல்லவா?

நாம் சட்டம் படித்தவர்கள். அந்த வழியிலேயே இதைப் பார்ப்போம். நோயாளி வைத்தியரைத் தேடிச் செல்லும்போது அவன் முறைப்பாட்டுக்காரன். எந்த முறைப்பாடும் இல்லாதவனை "வா, சோதிக்கிறோம்" என்று அழைத்தாலோ, அதனால் நன்மை உண்டென்று எண்பிக்கும் பொறுப்பு அழைத்தவர் தலையிலே விழுகிறது.

இந்தப் புத்தளம் மாவட்டம் அத்தகைய அழைப்பைக் கண்ட மண். இலங்கையில் யானைக்கால் நோய் நிலைகொண்டிருந்த 8 மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. அந்நோயைத் தேடிய சுகாதார ஊழியர், நாய் குரைக்கும் இரவு நேரத்தில் வந்து விரல் நுனியில் இரத்தம் எடுத்தனர். அதன் நுண்புழுக்கள் இரவிலேதான் தோலடி இரத்தத்துக்குப் பெருமளவில் வருகின்றன. கால் வீங்காதவன் இரத்தத்திலும் அவை இருக்கலாம். அவனைக் கடித்த நுளம்பு அவற்றை அயலானுக்குக் கொண்டுசெல்லும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோய் இலங்கையில் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெருமையில், ஒரு வருத்தமும் இல்லாமலே விரல் நீட்டிய ஏழைகளுக்கும் பங்குண்டு.

எல்லாச் சோதனையும் அத்தகையதன்று. தென் கொரியாவில் புற்றுநோய்ச் சோதனைகளோடு கழுத்துச் சோதனையும் கூடுதலாக விற்கப்பட்டது. தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய் என்று கூறப்பட்டோர் வீதம் 1993இல் இருந்ததைப்போல 2011இல் 15 மடங்கு! அந்நோயால் இறந்தோர் வீதமோ குறையவில்லை. தீங்கே செய்திராத கட்டிகளுக்காகச் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்குவோராயினர் பலர்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதே சோதனை. 2005இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு குறைந்தது. பழக்கமில்லாதோரிடம் அந்நன்மை காணப்படவில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் எம்மவர் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆகவே, "சோதனை நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பது பிழை. எந்த நோய்க்கு? எமது வயதுக்கும் பழக்கத்துக்கும் பொருந்துமா? கண்டுபிடித்தால் செய்யக்கூடியது என்ன? இல்லாத நோயை உண்டென்று காட்டிவிட்டால் அடுத்து என்ன செலவு? நகையை அடகுவைத்து "முழு உடற்சோதனை"க்குப் புறப்படுமுன் இவற்றைக் கேளுங்கள்.

இரத்த அழுத்தம் இக்கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லும். பாரிசவாதம் வந்து விழுத்தும்வரை அது தன்னைக் காட்டாதிருக்கலாம். ஆனால் அடக்குவதற்கு மலிவான மாத்திரை உண்டு. 2011 முதல் அரசாங்கம் நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். தாய்மார்களுக்கு 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் தோன்றுமுன்னரே அங்கு மாற்றத்தைக் கண்டு தடுக்கலாம். "அவளுக்கு ஒன்றுமில்லையே" என்று வீட்டு ஆண்கள் மறிப்பது அநியாயம். ஒன்றுமில்லாதபோது போவதற்கென்றே அது ஏற்பட்டது. பெயரே அதைச் சொல்கிறதே! இரத்தம் போகிறவர், காரணமின்றி மெலிகிறவர் கதை வேறு. அவர் இக்கேள்விகளைக் கேட்டுக்கொண்டிராது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இன்னொன்று. சோதனையின் முடிவைத் தமிழில் கேளுங்கள். சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை எமக்கு உரிமை தருகிறது. விளங்காத துண்டோடு எவரும் வீடு திரும்பவேண்டியதில்லை. அப்படித் திருப்பி அனுப்பினால், இடத்தையும் திகதியையும் எழுதி எம்மிடம் கொடுங்கள். எழுதவேண்டிய இடத்துக்கு நாம் எழுதுகிறோம்.