மருதையாறு கேட்கும் கேள்வி



பெரம்பலூரிலும் அரியலூரிலும் நம் தோழர்கள் முன்னிலையில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. கூட்டத்துக்கு வர இயலாதோர் உண்டு. வந்தும் ஒலிபெருக்கிக்கு எட்டாத தொலைவில் நின்றோர் உண்டு. ஞாயிறு காலையில் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, ஒருவர் படிக்க நால்வர் கேட்கும் பழக்கம் இன்னும் மாறாத ஊர்களும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் இது.

அரியலூர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது யாது? சிமெண்ட் ஆலைகள் என்பீர்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் என்பீர்கள். அந்த லாரிகள் எழுப்பும் புழுதியில் சோறு உண்கிறவர்களுக்கு வேறென்ன நினைவு வரும்! ஆனால் தலை நரைத்த பெரியவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் ஒரே சொல் சொல்வார்: பாலம்.

ஆம், பாலம்! பச்சைமலைப் பக்கம் தோன்றி, பெரம்பலூர்ச் சீமையில் நடந்து, அரியலூர் மண்ணைத் தொட்டுக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாற்றின் மீது கிடக்கும் புகைவண்டிப் பாலம். கோடையில் பார்த்தால், இந்த ஆற்றுக்கு ஒரு பாலமா என்று கேட்கத் தோன்றும். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அந்த ஆறு அப்படி இருக்கவில்லை. கொட்டிய மழையில் கரை புரண்டது. பாலத்தின் காலை அரித்தது. சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த தூத்துக்குடி விரைவு வண்டி, உறங்கும் மக்களைச் சுமந்தபடியே வெள்ளத்தில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி. அந்தப் பாலத்தை அவர் கட்டவில்லை. மழையை அவர் வரவழைக்கவில்லை. என்ஜினை அவர் ஓட்டவில்லை. எனினும் பதவி விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகரில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட விபத்தின்போதே விலகல் கடிதம் தந்தவர் அவர்; அன்று நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் மீண்டும் தந்தார், நேரு ஏற்றார். சாஸ்திரி குற்றவாளி என்பதால் அன்று, ஆட்சி மரபில் ஒரு முன்மாதிரி நிலைக்க வேண்டும் என்பதால் ஏற்பதாகப் பாராளுமன்றத்தில் விளக்கமும் தந்தார்.

சாஸ்திரிக்குப் புகழ்மாலை சூட்ட நான் வரவில்லை. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்தபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவரும் அவரே. அந்தக் கணக்கு தனி. அதை நாம் மறந்ததில்லை. அன்றைய கழகத்தார் அரியலூர் விபத்தையும் சும்மா விட்டுவிடவில்லை. 1957 பொதுத் தேர்தலில்தான் கழகம் முதன்முதலாகக் களம் இறங்கியது. இரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அளகேசனைக் குறிவைத்து, ஆண்டதையும் மாண்டதையும் எதுகையாக்கி, சுவர்தோறும் எழுதினார்கள். கரிக்கட்டியால் எழுதிய எழுத்து! அதைக் கண்டு ஆளுங்கட்சி கூசியது. ஏன் கூசியது? கூசும் குணம் அன்று அதற்கு இருந்தது.

இப்போது 2023-க்கு வாருங்கள். ஜூன் 2-ஆம் நாள், ஒடிசாவில் பாலசோர் அருகே பகனாகா பஜார் நிலையம். சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி, பக்கத் தடத்தில் நின்ற சரக்கு வண்டியில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகளில் எதிரே வந்த இன்னொரு வண்டியும் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரியலூரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு! அங்கே வெள்ளம் இல்லை, புயல் இல்லை. சிக்னல் பணியில் நேர்ந்த பிழை என்றது பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. புலனாய்வுத் துறை இரயில்வே ஊழியர் மூவரைக் கைது செய்தது. அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் விபத்து நடந்த இடத்தில் நின்று மீட்புப் பணிகளைப் பார்வையிட்டார், அதை மறுக்கவில்லை. ஆனால் பதவியில் நீடித்தார். 2024 ஜூனில் புதிய அமைச்சரவை அமைந்தபோது அதே துறை மீண்டும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

1999-இல் கைசல் விபத்துக்குப் பொறுப்பேற்று நிதிஷ்குமார் விலகினார். அவர் பின்னாளில் எத்தனை அணி மாறினார் என்பது வேறு கதை. அந்தக் கதையை எழுத ஒரு நாடகம் போதாது. ஆனால் அன்று விலகினார். ஆக, 1956 மரபு 1999 வரையிலாவது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

நான் நாடகம் எழுதுகிறவன். மூன்றாம் அங்கத்தில் மேடையில் ஒரு பிணம் விழுந்தால், நான்காம் அங்கத்தில் எவராவது அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கொட்டகையில் இருப்பவன் எழுந்து சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பான். நாட்டில் 290 பிணங்கள் விழுந்த பிறகும் நான்காம் அங்கமே இல்லாமல் திரையை இறக்குகிறார்கள். நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்!

அரசியல் தாழ்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கே தாழ்ந்தது, எப்படித் தாழ்ந்தது என்று காட்டச் சொன்னால் பலருக்கு வாய் அடைக்கும். பெரம்பலூர்த் தோழர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் தொகுதியின் வரலாறே போதும். 1962-இல் பெரம்பலூர் மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர் இரா. செழியன். புள்ளிவிவரத்தோடு எழுந்து நின்றால் எதிர்வரிசை அமைச்சர்களும் குறிப்பெடுத்துக்கொண்ட மனிதர். பொதுக் கணக்குக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். பின்னாளில் அவர் வேறு அணி சென்றார். அதனால் ஆற்றிய பணி அழிந்துவிடுமா? நெருக்கடிநிலைக் கொடுமைகளை ஆராய்ந்த ஷா ஆணையத்தின் அறிக்கை கண்ணுக்கே தென்படாமல் போயிருந்தபோது, அதைத் தேடியெடுத்து 2010-இல் மீண்டும் பதிப்பித்தவரும் அவரே.

அத்தகையோர் பேசிய அவை என்ன ஆயிற்று? 2023 டிசம்பரில், பாராளுமன்றத்துக்குள் இருவர் குதித்துப் புகை வீசியது எப்படி என்று உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் எனக் கேட்ட எதிர்க்கட்சியினர் கூட்டம் கூட்டமாக இடைநீக்கம் செய்யப்பட்டனர். இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர். அந்நாளில் அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினர் எஸ். ஆர். பார்த்திபன் பெயரும் பட்டியலில் ஏறியது. பிழை தெரிந்த பின் நீக்கினார்கள். மேடைக்கே வராத நடிகனை, வசனத்தை மாற்றிப் பேசினாய் என்று தண்டித்த கதை! அந்த 17-ஆம் மக்களவை, தன் ஐந்தாண்டுக் காலத்திலும் ஒரு துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கவேயில்லை. 1924 முதல் தனியாக வந்துகொண்டிருந்த இரயில்வே நிதிநிலை அறிக்கையோ 2017 முதல் பொது அறிக்கையோடு கலந்து கரைந்துவிட்டது. எங்கள் ஊருக்குத் தண்டவாளம் எங்கே என்று எழுந்து கேட்பதற்கு என்றே இருந்த அந்த நாளும் போயிற்று.

தண்டவாளம் என்றேன், பெரம்பலூர்க்காரரின் நெஞ்சு அங்கே சுருக்கென்றிருக்கும். மாவட்டத் தலைநகர், சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் சீமை, ஊருக்கு ஒரு இரயில் நிலையம் இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல் வரை ஒரு பாதை வேண்டும் என்பது தாத்தா கேட்டு, தந்தை கேட்டு, இன்று பேரன் கேட்கும் கோரிக்கை. தேர்தல்தோறும் வேட்பாளர்கள் வாக்குறுதி தருகிறார்கள். எல்லாக் கட்சி வேட்பாளரும்தான், நம்மவர் நீங்கலாக என்று நான் பொய் சொல்லமாட்டேன். 2019-இல் பெரம்பலூர் மக்கள் நமது அணிக்கு 4 லட்சத்துக்கும் அதிக வாக்கு வேறுபாட்டில் வெற்றி தந்தார்கள். 2024-இல் மீண்டும் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிக வேறுபாட்டில் தந்தார்கள். அள்ளித் தந்த அந்தக் கைகள் ஏந்தி நிற்பது ஒரு தண்டவாளத்துக்காக. கட்டவேண்டியது மத்திய அரசு என்பது உண்மை. விடாமல் கேட்கவேண்டியவர் நாம் என்பதும் உண்மை.

2025 ஜூலை 27-இல் பிரதமர் நரேந்திர மோடி அரியலூர் மாவட்டத்துக்கே வந்தார். கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா. இராசேந்திர சோழன் நினைவாக நாணயம் வெளியிட்டார். தந்தைக்கும் மகனுக்கும் சிலைகள் எழும் என்று அறிவித்தார். சோழனுக்குச் சிறப்பு என்றால் நமக்குக் கசக்குமா? இனிக்கும்! ஆனால் சோழன் வெற்றியைக் கொண்டாடச் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். உழவனுக்கு நீர் தந்தான். சோழன் பெயரால் நாணயம் வந்துவிட்டது. ஆட்சியில் நாணயம் எப்போது வரும் என்று அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஜெயங்கொண்டத்து உழவனைக் கேளுங்கள். பழுப்பு நிலக்கரி மின்திட்டம் என்று சொல்லி 1990-களில் நிலத்தை எடுத்தார்கள். மின்சாரமும் வரவில்லை, உரிய விலை கேட்டு நீதிமன்றப் படி ஏறி இறங்கியே ஒரு தலைமுறை கிழமாயிற்று. அந்தத் தவற்றில் ஒரு கட்சிக்கு மட்டுமே பங்கு என்று எவனும் மார்தட்ட முடியாது.

இப்படி நிலமும் தண்டவாளமும் வேலையும் கேட்கிற மக்களிடம், தேர்தல் வந்ததும் என்ன பேசுகிறார்கள்? 2024 ஏப்ரல் 21-இல் இராஜஸ்தானத்துப் பான்ஸ்வாராவில் நாட்டின் பிரதமர் பேசினார்: எதிர்க்கட்சி வந்தால் உங்கள் செல்வம் ஊடுருவியவர்களுக்கும் அதிகப் பிள்ளை பெறுவோருக்கும் போய்விடும் என்று! பாலசோர் பற்றிக் கேட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டி அச்சுறுத்தப் பேச்சுண்டு. மக்கள் என்ன செய்தார்கள்? 240 இடங்களோடு நிறுத்தினார்கள், பெரும்பான்மை தரவில்லை. அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியிலேயே, பொதுத் தொகுதியில் நின்ற ஒரு தலித் வேட்பாளரை, அவதேஷ் பிரசாத்தை, வெற்றிபெறச் செய்தார்கள்.

உடனே, பிளவு என்பது வடக்கே விளையும் பயிர், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். இதே அரியலூர் மாவட்டத்துப் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அங்கே மோதியது இரு மதமா? இல்லை, ஒரே மண்ணில் ஒரே வெயிலில் உழைக்கும் தமிழர்கள்! பெரியார் பிறந்த நாட்டில் ஒரு பானைச் சின்னத்தைக் கண்டு கல் எடுத்த கை இருந்தது என்பதை மூடிவைத்துவிட்டு, பான்ஸ்வாராவைப் பற்றி மட்டும் முழங்க எனக்கு நாக்கு எழவில்லை. அந்தத் தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் தொல். திருமாவளவன் வென்றது 3,219 வாக்குகளில். 2024-இல் அவரே 1 லட்சத்துக்கும் மேலான வேறுபாட்டில் வென்றார். இடைப்பட்ட ஐந்தாண்டில் வீடு வீடாக நடந்து பேசிய தோழர்கள் பலரை நான் அறிவேன். எந்த மேடையிலும் அவர்கள் பெயர் வாசிக்கப்பட்டதில்லை.

இன்னொரு கறையும் உண்டு. சொல்லாமல் விட்டால் இந்தப் பத்தி பொய்யாகிவிடும். 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர். கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் பணப் புழக்கத்தைக் காரணங்காட்டித் தேர்தல் நிறுத்தப்பட்டது. எல்லா இடத்திலும் எதிரியே என்று கைகாட்ட வழியில்லை. பணம் வாங்கிக்கொண்டவன் இரயில் கேட்பானா? கேட்டால், கொடுத்தவன்தான் காது கொடுப்பானா? கணக்குத் தீர்ந்தது என்றல்லவா நினைப்பான்! 1957-இல் கழகம் 15 சட்டமன்ற இடங்களில் வென்றபோது கையில் இருந்தது கரிக்கட்டி. அந்தப் பதினைந்தில் ஒன்று, கலைஞர் வென்ற குளித்தலை. அந்தக் குளித்தலை இன்று உங்கள் பெரம்பலூர்ப் பாராளுமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது.

அடுத்த பொதுத் தேர்தலுக்குரிய ஆண்டு 2029. அதற்கு முன்னே தொகுதி மறுவரையறை என்ற வாள் தலைமேல் தொங்குகிறது. 1962-இல் நமக்கு இருந்த பாராளுமன்ற இடங்கள் 41; 1967-இல் அவை 39 ஆயின. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனால் இழப்புக்கு ஆளாகக் கூடாது என்றே 1976-இலும் 2001-இலும் அரசியல் சட்டத்தைத் திருத்தி எண்ணிக்கையை முடக்கிவைத்தார்கள். நம் குரலின் எடை குறைந்தால், பெரம்பலூரின் தண்டவாளத்துக்கு எழும் குரலும் குறையும். இதைப் பாமரருக்கும் விளங்கச் சொல்லுங்கள். இரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட தாய்க்கு, அதற்காகவே உன் ஓட்டின் மதிப்பைக் குறைக்கலாமா என்ற வழக்கு உடனே விளங்கும்.

ஆகவே, தோழர்களே, இப்போதே தொடங்குங்கள். ஊர்தோறும் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பெயர் பெயராகச் சரிபாருங்கள். விடுபட்டவர் எந்தத் தெருவினர் என்று பாருங்கள். நாம் அனுப்பிய உறுப்பினர்கள் அவையில் என்ன கேட்டார்கள், என்ன விடை வந்தது என்பதைத் திரட்டி, திங்களுக்கு ஒருமுறை படிப்பகத்தில் உரக்கப் படியுங்கள். பொன்பரப்பி போன்ற ஊர்களுக்குத் தேர்தல் இல்லாத நாட்களில் போங்கள். இரு தெருவிலும் அமர்ந்து தேநீர் அருந்துங்கள். 2029-இல் வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது, அவர் நம் வேட்பாளராகவே இருந்தாலும், மருதையாற்றுப் பாலத்தருகே நிறுத்தி 1956-ஐச் சொல்லுங்கள். உம் பொறுப்பில் ஒரு பாலம் இடிந்தால் என்ன செய்வீர் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.