பாட்டின் உடைமையும் படைத்தவர் பங்கும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டைப் பற்றி நாம் பேசாத கூட்டம் இல்லை. ஆனால் பாட்டு யாருக்கு உடைமை என்பது பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. எழுதியவர்க்கா, பாடியவர்க்கா, பதிவு செய்து விற்றவர்க்கா, கேட்டு மகிழ்பவர்க்கா? அமெரிக்காவின் இசைத்தட்டு நிறுவனங்கள் இந்த வினாவை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்று பத்தாண்டுக் காலம் வழக்காடின. அவ்வழக்குகளின் வரலாற்றில் கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

படியெடுத்தல் புதிதன்று. 1980களில் நம் ஊர்க் கடைத்தெருவில் விரும்பிய பாடல்களின் பட்டியலை எழுதிக் கொடுத்து, வெற்று ஒலிநாடாவில் பதிந்து வாங்கியவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பர். வீட்டில் நாடாவில் பதிவது இசையையே கொல்கிறது என்று அக்காலத்தில் பிரிட்டனின் நிறுவனங்கள் முழக்கமிட்டன. இசை சாகவில்லை. ஆனால் நாடாவுக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. படியிலிருந்து படியெடுக்க எடுக்க ஒலி மங்கியது.

அந்த எல்லையை எம்.பி.3 என்னும் முறை அழித்தது. செவி உணராத ஒலிக்கூறுகளை விலக்கி, குறுந்தட்டில் உள்ள பாட்டை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும் முறை அது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். சூசன் வேகா என்னும் பாடகி பக்கவாத்தியம் இன்றிப் பாடிய பாட்டொன்றை வைத்தே அவர் தம் முறையை மீண்டும் மீண்டும் சோதித்தார். உலக இசை வணிகத்தை ஆட்டிவைத்த கருவிக்கு ஒரு தனிக்குரலே உரைகல்லாயிற்று.

1999 ஜூன் மாதத்தில் ஷான் ஃபேனிங் என்னும் 18 வயது இளைஞர் நாப்ஸ்டர் என்ற மென்பொருளை வெளியிட்டார். எந்தப் பாட்டு எவரிடம் உள்ளது என்ற பட்டியல் மட்டுமே அந்நிறுவனத்திடம் இருந்தது. பாட்டோ ஒருவர் கணிப்பொறியிலிருந்து மற்றவர் கணிப்பொறிக்கு நேராகச் சென்றது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பெரிய இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2000இல் மெட்டாலிகா இசைக்குழுவும் வழக்கிட்டது. அக்குழுவின் லார்ஸ் உல்ரிச், தம் பாடல்களைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்ப் பட்டியலைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் நின்றது. 2001 ஜூலையில் நாப்ஸ்டரின் பகிர்வு நின்றது. ஆனால் பகிரும் பழக்கம் நிற்கவில்லை. நடுவில் பட்டியலே வைத்திராத வேறு மென்பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

கருவியை அடக்கியும் பயனில்லை என்று கண்ட நிறுவனங்கள், கேட்பவர் மீது பாய்ந்தன. 2003 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குகள் தொடரப்பட்டன. அவர்களுள் ஒருவர் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி. அவர் தாயார் 2,000 டாலர் தர இசைந்து வழக்கை முடித்துக்கொண்டார். மினசோட்டா மாநிலத்துப் பெண் ஒருவருக்கு, 24 பாடல்களைப் பகிர்ந்தமைக்காக, 2007இல் 2,22,000 டாலர் விதிக்கப்பட்டது. மறுவிசாரணையில் 2009இல் அது 19,20,000 டாலராக உயர்ந்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தொகையையே உறுதி செய்தது. இவ்வாறு மக்கள் மீது திரளாக வழக்குத் தொடுப்பதை நிறுவனங்களின் சங்கம் 2008 இறுதியில் கைவிட்டது.

கண்ட பயன் யாது? 1999இல் ஏறத்தாழ 1,460 கோடி டாலராக இருந்த அமெரிக்க ஒலிப்பதிவு வருவாய் 2014இல் பாதிக்கும் கீழாக இறங்கியிருந்தது. அச்சம் வாடிக்கையாளரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. எளிய வழியே கொண்டுவந்தது. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியது. 2008இல் ஸ்வீடனில் பிறந்த ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள், இணையத்தில் கேட்டபடியே செல்லும் வழியைத் திறந்தன. அவ்வழியால்தான் தொழில் மீண்டும் தலையெடுத்தது. திருடர் என்று தூற்றப்பட்டவர்களுள் பெரும்பகுதியினர், நேர்வழி எளிதானதும் அவ்வழியே வந்த சுவைஞர்களே.

இவ்வளவில் நிறுத்தினால், கேட்பவர் வென்றார் என்று மகிழ்ந்து எழுந்துவிடலாம். ஆனால் இந்த நெடும்போரில் இரு தரப்பாரும் வாதத்துக்கு மட்டும் அழைத்துக்கொண்ட ஒருவர் உண்டு. அவரே படைப்பாளி. நிறுவனம் அவர் பெயரைச் சொல்லி வழக்காடியது. பகிர்ந்தவரும் அவர்பால் கொண்ட அன்பைச் சொல்லியே பகிர்ந்தார். இன்றைய சேவைகளிலும், திரளும் தொகையில் ஒரு பகுதி, கேட்கப்பட்ட விகிதப்படி உரிமையாளர்க்குச் செல்கிறது. உரிமையாளரிடமிருந்து படைத்தவர்க்கு என்ன வரும் என்பது, அவர் என்றோ கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

கலை பொதுவுடைமை அன்றோ என்று கேட்போர் நம்மிடையேயும் உண்டு. அவர்க்கு நம் வரலாறே விடை கூறும். பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையை ஏற்க முன்வந்தபோது, அவர் விலை பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். கவிஞர் குடும்பத்துக்கு அரசு தொகை வழங்கியது. பின்னர் அப்படைப்புகள் மக்கள் அனைவர்க்கும் உரியவை ஆயின. உடையவர் மனமுவந்து விட்டதும், உற்றார்க்கு உரியது அளித்ததும், பின்னர்ப் பொதுவாக்கியதும் அங்கே முறைப்படி நிகழ்ந்தன. யாரும் அறியாமல் எடுத்துக்கொள்வதைப் பொதுவுடைமை என்னும் பெருஞ்சொல்லால் அழைத்தல் தகாது.

இங்குள்ள கவிஞர்கள் சிலர் இசைத்தொகுப்புகளுக்குப் பாட்டெழுதி, ஒருமுறை தரும் சிறு தொகையோடு எல்லாம் முடிந்ததென்று எண்ணி வருகின்றனர். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டை எழுதியவர்க்கு உரிமத்தொகையில் சமபங்கு உண்டு என்கிறது. அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவர்க்கும் எழுதிக் கொடுத்தல் செல்லாது என்றும் அது விதிக்கிறது. சட்டம் தந்ததை அறியாமல் இழப்பவர்க்கு எந்த நீதிமன்றமும் தானாக வந்து உதவாது.

எனவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உறுப்பினர் எவரும் தம் பாட்டைப் பதிவுக்குக் கொடுக்குமுன், ஒப்பந்தத்தை இவ்வட்டத்தில் கொணர்ந்து படிக்கட்டும், அறிந்தோர் விளக்கட்டும். பிறர் பாட்டை நாம் அனுப்பும்போதும் பாடும்போதும் எழுதியவர் பெயரை முதலில் சொல்வோம். நூலை நகலெடுக்கும் நண்பர்க்கு ஒரு படியை விலைக்கு வாங்கித் தருவோம். கேட்பவரைக் கள்வராக்காமல், படைத்தவரை இரவலராக்காமல் பாட்டு வாழும் வழி இதுவே.