தருமமும் வரிப்பணமும்



யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி தொடக்கத்தில் அரசாங்கத்துக்குரியதன்று. 1850இல் அரசாங்க அதிபர் டைக் துரை நிறுவிய தரும வைத்தியசாலை அது. மானிப்பாயிலோ, அமெரிக்க மிஷனின் கிறீன் வைத்தியர் மருந்து கொடுத்ததோடு நில்லாது, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மிஷன் பணம் கடல்கடந்து வந்தது. அவரும் 1873இல் கடல்கடந்து சென்றார். எஞ்சிய முதல், அவர் பயிற்றிய தமிழ் வைத்தியர்களே! எனக்கு இதுவே பெருங்கொடையாகத் தோன்றுகிறது.

பெரியாஸ்பத்திரியை 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆயினும், 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் கேட்டதும் அரசாங்கமே. 1977இல் அக்கட்டணம் நீங்கியது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, இலங்கை வைத்தியசாலைகள் மீண்டும் நன்கொடையாளரை நாடின. தீப்பெட்டி வாங்கினும் வரி கொடுக்கும் கமக்காரன், மருந்துச் சீட்டுடன் தனியார் கடைக்கு நடந்தான். அவன் கொடுத்த வரிக்குக் கணக்குக் காட்டியவர் யார்?